ஓசி பஸ்ஸும் ஓயாத தூறலும்

ஓசிப் பயணத்துக்குப் பேர்போன ஐரோப்பியத் தலைநகரங்களில் இரண்டைப் பார்ப்போம். லக்சம்பர்க்கில் 2020 பிப்ரவரி 29 முதல் பஸ், டிராம், ரயில் எதற்கும் டிக்கெட் இல்லை. உள்ளூரா வெளியூரா என்றுகூடக் கேட்பதில்லை. ரயிலில் முதல் வகுப்புக்கு மட்டும் காசு. (ஓசியிலும் கௌரவம் பார்ப்பவர்கள் எங்கும் உண்டு.) ஃபாஃபன்தால் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு கண்ணாடி லிஃப்ட் ஆளைச் சுமார் 70 மீட்டர் மேலே தூக்கிவிடும், அதுவும் சும்மாதான். வெளியே வந்தால் தூறல். ஒதுங்க ஓட்டல் அறை தேடும்போதுதான் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கணக்கு விளங்கும்.

இரண்டாவது தலைநகரான தாலின் விவரமான ஊர். 2013 முதல் அங்கேயும் ஓசிதான், ஆனால் அந்த ஊர்வாசியாகப் பதிவு செய்தவருக்கு மட்டும். பஸ்ஸுக்கு ஆசைப்பட்டுப் பெயரைப் பதிந்தால், அவர் கட்டும் வருமான வரியில் ஒரு பங்கு நகராட்சிக்குப் போய்ச் சேரும். ஆடு தானாக வந்து மஞ்சள் தண்ணீருக்குத் தலையைக் காட்டுகிற மாதிரி.

டிசம்பர் கடைசியில் அங்கே பகல் ஆறு மணி நேரம்தான்; பிப்ரவரியில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே. ஓசி பஸ் வரும்வரை விறைக்காமல் நிற்க நல்ல கம்பளிக் கோட்டு வேண்டும். கோட்டுக்குத்தான் இன்னும் இலவசத் திட்டம் வரவில்லை.