வெள்ளாட்டு நடையியல்: ஒரு முன்னாய்வு

சிறு மந்தை எனப்படுவது யாது? இதற்கு விடை காணாமல் ஆட்டின் பின்னே நடப்பது ஆய்வு நெறி ஆகாது. தமிழக அரசு 2011-இல் விலையில்லா ஆடு வழங்கத் தொடங்கியபோது குடும்பத்துக்கு 4 ஆடு என்று வகுத்தது. ஆக, நான்கு என்பது அரசாணை கண்ட கீழெல்லை. மேலெல்லை, அத்தனை ஆட்டையும் பேர் சொல்லிக் கூப்பிட முடிகிற வரை. அதைத் தாண்டினால் அது தொழில். ஆட்டின் பின்னே நடக்கும் இன்பக் கணக்கில் வராது.

இனி வகைமை. விளாத்திகுளம், கோவில்பட்டிக் கரிசலில் கன்னி, கொடி என வெள்ளாடு இரண்டு. கன்னி கருப்பு; முகத்தின் இரு பக்கமும் கோடு இறங்கும். கோடு வெள்ளையானால் பால்கன்னி, சிவப்பானால் செங்கன்னி. கொடி ஆடு நெடுங்கால். வெள்ளை உடம்பில் கருப்புத் தெறித்திருந்தால் கரும்போரை, சிவப்புத் தெறித்திருந்தால் செம்போரை. செம்மறி, முன்னாடு போன தடத்தில் தலை குனிந்து போகும். ஆய்வாளர்களை நினைவூட்டும் என்பதற்கு மேல் அதில் ஆய்வதற்கு ஒன்றுமில்லை.

தாடி: ஆட்டுக்கு அது எதற்கு என்று அண்ணா கேட்டது ஆளுநர் பதவியை முன்னிட்டு. பதவி பற்றிய சர்ச்சை இன்றும் ஓய்ந்தபாடில்லை. தாடியை எந்தத் துறையும் கையில் எடுக்கவில்லை.

காலம்: பனி காய்ந்த பின். ஈரப்புல்லோடு குடற்புழு உள்ளே போகும்.

கருவி: தொரட்டி. அதைக் கொண்டு உடைமரக் கிளையை ஓர் உலுக்கு உலுக்கினால் நெற்று பொலபொலவென உதிரும். எங்கெங்கோ திரிந்த நாலும் ஓடிவந்து மேய்ப்பவர் முழங்காலில் முட்டும். வீட்டில் யாரும் காட்டாத மரியாதை அது. நெற்று தீர்ந்ததும் அதுவும் தீரும்.

நடையின்பத்தின் உச்சம் சுவரொட்டிக் கட்டம். கன்னி ஆடு முன்னங்கால் இரண்டையும் சுவரில் ஊன்றி, கழுத்தை எட்டிப் போட்டு, தாளின் கிளம்பிய முனையை மேலுதட்டால் துழாவுகிறது. அதற்கு மேல்வாயில் முன்பல் கிடையாது. கீழே எட்டுப் பல், மேலே தடித்த ஈறு. இரண்டுக்கும் நடுவே முனை சிக்கியதும் தலையை ஒரு வெட்டு. மாவட்டச் செயலாளர் மீசையோடு சர்ரென்று இறங்குகிறார். தாடை பக்கவாட்டில் அரைக்க, கண்ணின் கிடைக்கோட்டுப் பாவை பின்னால் கம்போடு யாரும் வருகிறார்களா என்று பார்த்துக்கொள்கிறது.

ஏன் தின்கிறது? மைதாப் பசைக்காக என்பர் டீக்கடைப் பெஞ்சு மரபினர் (கிழக்கு முனை, முதல் டீ). தாளுக்காகவே என மறுப்பர் அதே மரபின் பிற்காலத்தார் (மேற்படி பெஞ்சு, மேற்கு முனை, இரண்டாம் டீ, கடன்). இரண்டையும் மறுத்து, திரைப்பட விமர்சனமே என நிறுவிய மூன்றாம் நூல் ஒன்று உண்டு. அதன் முகப்பேட்டை ஆடு தின்றுவிட்டமையால் ஆசிரியர் பெயர், ஆண்டு, அவர் எந்தப் பக்கம் என்பவை அறியக்கூடவில்லை. எஞ்சிய ஏட்டின் விளிம்பில் காணும் பல்தடம் கொண்டு அதைச் செங்கன்னிப் பாடம் என்றே கொள்க.

பின்னங்காலில் நிமிர்ந்தும் எட்டாத உயரத்தில் 'கண்ணீர் அஞ்சலி' மட்டும் மிஞ்சும். இறந்தவர் யார், வருந்துவோர் யார் என்பது ஆட்டு வயிற்றின் நான்கு அறைகளில் முதலறைக்குப் போயிருக்கும். உ.வே. சாமிநாதையர் செல்லரித்த ஏட்டோடு போராடி, கிடைக்காத அடிகளுக்குப் புள்ளி வைத்தார். அந்தப் புள்ளிகளின் மேல் இன்று வீடு கட்டிக் குடியிருக்கும் புலவர்கள், இந்தச் சுவரைக் கண்டால் இரண்டு முனைவர் பட்டத்துக்குக் குறையாமல் எடுப்பார்கள்.

ஆட்டின் பின்னே நடந்தவர்களைப் பற்றி நம்பகமான செய்தி வேண்டுவோர் கி. ராஜநாராயணனின் 'கிடை'யையும் பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யையும் படிக்கலாம். கதை என்பதால் அவை சான்றாகா என்பது துறையின் முடிபு. மேற்சொன்ன பெஞ்சு சான்றாகும்.

அடுத்த வீட்டு முருங்கை தனி ஆய்வேட்டுக்குரியது. அதற்கு நெறியாளர் வேலிக்காரரே. வாய்மொழித் தேர்வைத் தெருவில் வைத்தே, ஊரார் முன்னிலையில், சத்தமாக நடத்திவிடுவார். புறத்தேர்வாளரின் பயணப்படி மிச்சம்.