கடற்கரையைத் தவிர்க்கவும்

புயல் கிளம்பினால் வெளிநாட்டிலிருக்கும் தம் மக்களுக்குத் தூதரகங்கள் சொல்வது: பெயரைப் பதியுங்கள், பாஸ்போர்ட்டை நனையாமல் வையுங்கள், கடற்கரையைத் தவிருங்கள். பழவேற்காட்டில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏரி. கரையைத் தவிர்த்தால் ஊரையே தவிர்க்க வேண்டும்.

1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டையில் குடியேறிய டச்சுக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை போலும். பெயர்ப்பதிவில் மட்டும் அவர்கள் குறை வைக்கவில்லை. கல்லறைகளில் அழகாகச் செதுக்கியே வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லறைத் தோட்டத்தைப் பார்க்க வரும் வெளிநாட்டவரை வாசலில் வரவேற்பவை கல்லில் வடித்த எலும்புக்கூடுகள். (சுற்றுலாத் துறையில் இவ்வளவு ஒளிவுமறைவின்மை அபூர்வம்.)

நம் மீனவருக்கு ஏது தூதரகம்? துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டுதான். 11-ஆம் எண் கூண்டுக்குப் பொருள், வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்பது. அது ஏறுவதற்குள் படகை மேட்டுக்கு இழுத்துக் கட்டி, புயல் பாதுகாப்பு மையத்தில் பாய் விரித்து, சார்ஜ் போட வரிசையில் நின்றாகிவிடும்.