எடை போட்டுப் பேசுவோம்

தறிச் சத்தம் ஓய்ந்த நேரத்தில் காஞ்சிபுரத்துக்காரர்கள் என்ன யோசிக்கிறார்கள் என்று இந்தத் தபால் கட்டைப் பிரித்ததும் தெரிந்துவிட்டது. ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்குப் பின்னால் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்ற வேண்டும். சரி, சுற்றுவோம்.

கே: கேரவன் என்றால் ஷூட்டிங்கில் ஹீரோ ஏ.சி. போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அதுதானே? அதை எதற்கு இன்னொரு வண்டி இழுக்க வேண்டும்? (வாசகர், ஓரிக்கை)

ப: அது தானே ஓடும் பஸ். 2021-இல் கேரளா கேரவன் சுற்றுலா என்று அறிவித்ததும் அந்த வகையறாதான். இங்கே பேச்சு இன்ஜின் இல்லாத கேரவனைப் பற்றி. ஹீரோவின் வண்டிக்கு டிரைவர் உண்டு. இதற்கு டிரைவர், கிளீனர், வாட்ச்மேன் மூவரும் நீங்களே.

கே: மகன் மெல்போர்னில் இருக்கிறான். அவனுடைய வண்டி 3500 கிலோ இழுக்கும் என்று டீலர் சொல்லிவிட்டாராம். 3300 கிலோவில் கேரவன் புக் செய்து, குடும்பத்தோடு பெர்த் வரை போகப் போகிறான். நான் என்ன சொல்லட்டும்? (வாசகர், செவிலிமேடு)

ப: "அட்வான்ஸ் கொடுக்காதே" என்று இன்று ராத்திரியே போன் போடுங்கள். மீதியைக் கணக்குப் போட்டுச் சொல்லலாம்.

அவனுடைய வண்டியின் வெறும் எடை 2200 கிலோ, ஆளும் சாமானும் ஏறிய பிறகு அது தாங்கக்கூடிய உச்ச எடை 2900 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 700. மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள் சேர்ந்து 250. ஃப்ரிட்ஜ், பெட்டிகள், மேல் கேரியர், முன்னால் வீரத்துக்காக மாட்டிய கம்பி எல்லாம் சேர்ந்து 200. கையில் மிச்சம் 250. கேரவன் வெறுமனே பின்னால் உருண்டு வருவதில்லை. அதன் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு கொக்கி வழியாகக் காரின் முதுகில் இறங்கும். அதுவும் இந்த 250-க்குள்தான் அடங்க வேண்டும். ஆகவே கேரவன் 2500-ஐத் தாண்ட வழியில்லை. டீலர் சொன்ன 3500-இல் ஒரு டன் இங்கேயே காலி. மகன் பார்த்து வைத்திருக்கிற 3300 கிலோ கேரவன் காரின் மீது 330 கிலோவை இறக்கும். பெர்த் இருக்கட்டும், தெருமுனை தாண்டும்போதே 80 கிலோ அதிகம்.

காரும் கேரவனும் சேர்ந்த மொத்த எடைக்கும் தனியாக ஓர் உச்சம் உண்டு. அது விளம்பரத்தில் வராது, வண்டியோடு தரும் கையேட்டில் இருக்கும். இந்த மூன்று எண்களில் எது முதலில் தடுக்கிறதோ, அதுதான் அவனுடைய வண்டியின் உண்மையான இழுதிறன்.

இது சட்டம் அனுமதிக்கும் எல்லை. மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல், எதிர்க்காற்றில், இரண்டு மூன்று டிரெய்லர் கோத்த ராட்சத லாரிகள் பக்கத்தில் வீசிக்கொண்டு போகும் சாலையில் ஓட்டுகிறவன் எல்லையில் நிற்கக் கூடாது. பிரிட்டனில் கேரவன் சங்கங்கள் புதியவர்களுக்குச் சொல்லும் அளவு ஒன்று உண்டு: நிரப்பிய கேரவன், காரின் வெறும் எடையில் 85 சதவீதத்துக்குள் இருக்கட்டும். 2200-க்கு அது 1870. சாமான், தண்ணீர், காஸ் எல்லாவற்றுக்கும் 400 கிலோ ஒதுக்கினால், அவன் பார்க்க வேண்டியது காலியாக 1470 கிலோவுக்குள் உள்ள கேரவன். கடைக்காரர் சொல்லும் எடை பெரும்பாலும் காலி எடைதான். 80 லிட்டர் தொட்டி இரண்டை நிரப்பினால் அங்கேயே 160 கிலோ ஏறிவிடும்.

சின்னதாக இருக்கிறதே என்று மருமகள் முகம் சுளிக்கலாம். அந்தப் பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை.

கே: எங்கள் வரதர் தேரை மனிதக் கைகளே இழுத்துவிடுகின்றன. 200 குதிரை சக்தி இன்ஜினுக்கு இரண்டு டன் ஒரு பாரமா? (வாசகர், சின்ன காஞ்சிபுரம்)

ப: வைகாசியில் காந்தி ரோடு தேரடிப் பக்கம் நின்று பார்க்கிறவர்கள் வடம் பிடிக்கிற கூட்டத்தையே பார்ப்பார்கள். அடுத்த முறை சக்கரத்தின் பக்கம் குனிந்து பாருங்கள். முட்டுக்கட்டையோடு சில பேர் சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் கூடவே நடப்பார்கள். தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அவர்கள்தான். திருவாரூர் ஆழித்தேர் சுமார் 300 டன். அதற்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக்கே பொருத்திக் கொடுத்தது.

கேரவனும் அப்படியே. இழுக்க இன்ஜின் போதும், நிறுத்துவதுதான் சிக்கல். ஆஸ்திரேலியாவில் 750 கிலோவைத் தாண்டினாலே டிரெய்லருக்குச் சொந்த பிரேக் வேண்டும். 2000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக் வேண்டும், கொக்கி கழன்றால் தானே பிடித்துக்கொள்ளும் ஏற்பாடும் வேண்டும். நம் ஊரில் யாராவது "பிரேக் எதற்கு சார், கார் பிரேக்கே பிடிச்சுக்கும்" என்று டிரெய்லர் விற்றால், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கே: மஹிந்திரா தார் வைத்திருக்கிறேன். ஃபோர் வீல் டிரைவ் ஆயிற்றே, எதையும் இழுக்கும்தானே? (வாசகர், ஒலிமுகமதுபேட்டை)

ப: நாலு சக்கரமும் இழுப்பது சேற்றில் உதவும், மணலில் உதவும். தார்ச் சாலையில் அதற்கு வேலை குறைவு. காய்ந்த ரோட்டில் 4H போட்டே ஓட்டினால் கியர் பெட்டிதான் அழும். நெடுஞ்சாலையில் பார்க்க வேண்டியவை இரண்டு: காரின் சொந்த எடை, முன் பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள நீளம். மூன்று கதவு தாரில் அந்த நீளம் 2450 மில்லிமீட்டர், தார் ராக்ஸில் 2850. நீளம் குறைந்த வண்டியைப் பின்னால் வருவது சுலபமாக ஆட்டிவைக்கும். மூன்று கதவு தாருக்கு 700, 800 கிலோவில் ஒரு குட்டி டிரெய்லர், அதுவும் கம்பெனி எழுத்தில் அனுமதித்தால். மெக்கானிக் வாய்ச்சொல்லில் தரும் எண்ணை இன்ஷூரன்ஸ்காரர் காதில் வாங்க மாட்டார்.

கே: நெசவுக் குடும்பம். ஒரு டிரெய்லரைப் பட்டு ஷோரூமாக மாற்றி பெங்களூரு, கோவை கண்காட்சிகளுக்கு இழுத்துப் போக ஆசை. 400 புடவை, ஒரு தறி, ஒரு ஜெனரேட்டர். எவ்வளவு எடை வரும்? (வாசகர், பிள்ளையார்பாளையம்)

ப: இந்த மாதத்தின் சிறந்த கேள்வி. புடவை ஒன்று சராசரி முக்கால் கிலோ என்றால் 400 புடவைக்கு 300 கிலோ. பயப்பட வேண்டியது புடவையைப் பார்த்து அல்ல, அலமாரியைப் பார்த்து. எட்டுக்கு நாலு, 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை ஒன்று 30 கிலோவுக்கு மேல். பத்துப் பலகை போட்டால் சரக்கை விடப் பெட்டி கனம். கண்ணாடிக் கதவு வேறு வைத்தீர்களென்றால் கேட்கவே வேண்டாம். அலுமினியச் சட்டமும் துணித் திரையும் போதும். உங்கள் புடவைக்குக் கண்ணாடி போட்டுத்தான் பளபளப்பு வர வேண்டுமா என்ன?

தறி விஷயம். குழித்தறிக்கு டிரெய்லரில் குழி வெட்ட முடியாது, ஆகவே மேடைத் தறிதான். ஜக்கார்டு பெட்டியை உச்சியில் வைத்தபடியே ஓட்டாதீர்கள். கழற்றித் தரையில் சக்கர அச்சுக்கு நேர் மேலே வைத்துக் கட்டுங்கள். போன இடத்தில் மாட்டிக்கொள்ளலாம்.

ஜெனரேட்டரை எல்லோரும் வால் பக்கம் மாட்டுவார்கள், சத்தம் உள்ளே வராதென்று. அங்கேதான் வினை. மாட்டுவண்டி ஓட்டிய தாத்தா யாராவது வீட்டில் இருந்தால் கேளுங்கள்: பின்பாரம் ஏறினால் நுகம் மேலே தூக்கிக்கொள்ளும், மாட்டின் கழுத்துக் கயிறு இறுக்கும். முன்பாரம் அதிகமானால் நுகம் கழுத்தை அழுத்தும். காருக்கும் அதே கதி. பின்பாரமான டிரெய்லர் 80 கிலோமீட்டர் வேகத்தில் வாலை வீசத் தொடங்கும். முன்பாரம் மிஞ்சினால் காரின் முன் சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் சொல் பேச்சுக் கேட்காது. கொக்கியில் பத்து சதவீதம் இறங்கினால் சரி.

எல்லாம் கூட்டிப் பார்த்தால் உங்கள் ஷோரூம் 1500 கிலோவுக்குக் குறையாது. 2 டன்னுக்கு மேல் எடையுள்ள கார் இல்லாமல் இறங்காதீர்கள். வாங்குவதற்கு முன்னால் ஒரு மினி லாரி வாடகையையும் விசாரித்துவிடுங்கள். வருஷத்துக்கு மூன்று கண்காட்சி என்றால் லாரிதான் லாபம்.

கே: வால் வீச ஆரம்பித்துவிட்டால் என்ன செய்வது? (வாசகி, வாலாஜாபாத்)

ப: ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள். கார் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். டிரெய்லர் பிரேக்குக்குத் தனிக் கைவிசை இருந்தால் அதை மட்டும் மெல்ல அழுத்துங்கள். வேகம் குறைந்ததும் ஓரங்கட்டிச் சாமானை இடம் மாற்றுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கத்தாமல் இருப்பதும் பெரிய உதவி.

கே: எடையை எப்படித்தான் பார்ப்பது? வீட்டுத் தராசு போதாதே! (வாசகர், அய்யம்பேட்டை)

ப: லாரிகள் எடை போடும் எடைமேடைக்குப் போங்கள். பயணத்துக்குப் போவது போலவே தண்ணீர், டீசல், சாமான், மாமியார் எல்லாம் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். முதலில் காரும் டிரெய்லரும் சேர்த்து ஒரு சீட்டு. அடுத்து, கொக்கியைக் கழற்றாமலே காரின் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்க ஒரு சீட்டு. கடைசியாகக் கழற்றிவிட்டுக் காரை மட்டும் நிறுத்தி ஒரு சீட்டு. இரண்டாவதிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் கொக்கியில் இறங்கும் பாரம். முதலிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் டிரெய்லரின் முழு எடை. கழித்தல் தெரிந்தால் போதும், இன்ஜினீயரிங் வேண்டாம்.

கே: ஏலகிரிக்கு இழுத்துப் போகலாமா? (வாசகர், தாமல்)

ப: பதினான்கு கொண்டை ஊசி வளைவு. ஏறிவிடுவீர்கள், எதிரே பஸ் வரும்போதுதான் வாழ்க்கையைப் பற்றி யோசிப்பீர்கள். டிரெய்லரை அடிவாரத்தில் விட்டுவிட்டுக் காரில் போய் வாருங்கள். இல்லை, ஏற்றியே தீருவேன் என்றால், ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிக் கைவிட்டுவிடும்.

கே: ஆர்.டி.ஓ. என்ன சொல்வார்? (வாசகர், உத்திரமேரூர்)

ப: "ஆர்.சி. எங்கே?" என்பார். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன்படி டிரெய்லருக்குத் தனிப் பதிவு வேண்டும். இழுக்கும் வண்டியின் எண் டிரெய்லரின் பின்னாலும் தெரிய வேண்டும். பட்டறையில் பற்றவைத்துக் கொண்டுவந்து கட்டினால் இரண்டுமே இருக்காது. அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலே 2,000. ஓடும்போது டிரெய்லருக்குள் ஆள் உட்காரவே கூடாது, பாட்டி படுத்துக்கொண்டு வரட்டும் என்ற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்.

கே: மைலேஜ்? (வாசகர், பொன்னேரிக்கரை)

ப: மனசைத் தேற்றிக்கொண்டு கேளுங்கள். 12 கொடுத்த வண்டி 7 கொடுக்கும். எடையை விடக் காற்றை நெஞ்சால் மோதும் அந்த உயரமான முகப்புதான் டீசலைக் குடிக்கிறது. 80-க்கு மேல் போகாமலிருந்தால் கொஞ்சம் மிஞ்சும்.

கே: கேரவனோடு ராஜ வீதிக்கு வந்து புடவை எடுக்கலாமா? (வாசகி, பெங்களூரு)

ப: நாலு ராஜ வீதியிலும் முகூர்த்த நாளில் சைக்கிளுக்கே இடமில்லை. கேரவனை ஊருக்கு வெளியே விட்டுவிட்டு ஆட்டோ பிடியுங்கள். வரும் வழியில் வாலாஜாவிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அறுவழி வேலை ஆண்டுக்கணக்கில் நடந்திருக்கிறது. எங்காவது மாற்றுப்பாதை இருந்தால், அதில் நுழைகிறபோது வேகத்தைக் குறைத்துவிடுங்கள். ரிவர்ஸ் எடுக்க நேர்ந்தால் ஸ்டீயரிங்கின் அடிப்பாகத்தைப் பிடியுங்கள். டிரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, கையை அந்தப் பக்கம் நகர்த்துங்கள்.

கே: ஒரே வரியில் சொல்லுங்கள். என் வண்டிக்கு எத்தனை கிலோ கேரவன் சரி? (பலர், பல ஊர்கள்)

ப: எடைமேடைச் சீட்டை நகல் எடுத்துக் கேள்வியோடு அனுப்புங்கள். சீட்டு இல்லாத கடிதங்களுக்கு அடுத்த இதழிலிருந்து பதில் கிடையாது.