பீஷ்மர் எழுதிய ஹெல்ப்

லண்டனில் இருக்கும் மச்சானுக்கு உடப்புத் திரௌபதையம்மன் கோயில் தீமிதிப்பு வீடியோவில் ஒரேயொரு நிமிடம் வேண்டுமாம். அவருடைய தம்பி தீக்குழியைக் கடக்கிற இடம். முழு வீடியோ மூன்று மணி நேரம். "நீங்கதானே கம்ப்யூட்டர்க்காரர், வெட்டி அனுப்புங்க" என்றார். வீடியோ வெட்ட எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டளை இருக்கிறதே என்று அதனிடமே ஹெல்ப் கேட்டேன். எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

எஃப்எஃப்எம்பெக்கில் ஹெல்ப் மூன்று வகை: சும்மா, 'லாங்', 'ஃபுல்'. மூன்றாவதற்குப் பக்கத்தில் 'மிக நீளம்' என்று எழுதியவர்களே எச்சரித்து வைத்திருக்கிறார்கள். அப்படி எழுதியிருந்தால் நீங்களும் அதைத்தான் அடித்திருப்பீர்கள்.

அது எப்படி இருந்தது என்றால்: துரியோதனன் எப்படிச் செத்தான் என்று ஒருவரிடம் கேட்கிறீர்கள். பீமன் தொடையில் அடித்தான், முடிந்தது. ஆனால் இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு குலவரலாற்றில் ஆரம்பிக்கிறார். எந்த வெர்ஷன், எந்தக் கம்பைலர், எந்த லைப்ரரி யாருக்குப் பிறந்தது. பிறகு சந்தனுவுக்கு ஓடக்காரப் பெண்மேல் ஆசை வருகிறது. கடற்கரை ஆட்களுக்கு அந்த இடம் பிடிக்கும்தான், ஆனாலும் தம்பி தீக்குழியில் நிற்கிறான். குந்தி, கர்ணன், அரக்கு மாளிகை. கௌரவர் நூறு பேரும் வரிசையில் வந்து தத்தம் கோடெக்கின் ஆப்ஷன்களை ஒப்பிக்கிறார்கள். விராடனின் மாடுகள். பதினெட்டு அக்குரோணிச் சேனை. யார் எந்தச் சங்கை ஊதினார். ஒரு வழியாகப் போர் முடிந்தது என்று மூச்சு விட்டால், அம்புப் படுக்கையில் கிடக்கும் பீஷ்மர் இரண்டு பர்வத்துக்கு உபதேசம் தொடங்குகிறார். அதற்குள் துரியோதனன் செத்து, திரையின் மேல்விளிம்பைத் தாண்டிப் போயே போய்விட்டான். மேலே உருட்டித் தேடினால் சந்தனுதான் அகப்படுகிறார்.

இதற்கு எதிர்க்கட்சியும் இருக்கிறது. கென் தாம்சனின் 'எட்' எடிட்டரில் எதைத் தப்பாக அடித்தாலும் பதில் ஒன்றுதான்: ஒரு கேள்விக்குறி. அத்தனை வாயடக்கம் உள்ள ஆளை நம் சொந்தத்தில் நான் கண்டதில்லை. 1971 நவம்பரில் வந்த முதல் யுனிக்ஸ் கையேட்டில் இன்னொரு மரியாதை இருந்தது: கட்டளையின் குறைகளை எழுதத் தனித் தலைப்பு. இப்போதைய ஹெல்ப்புகளில் பெருமைக்குத்தான் இடம்.

'கர்ல்' என்ற கட்டளை 2020இல் திருந்தியது. ஹெல்ப் கேட்டால் முக்கியமான ஆப்ஷன்கள் சில; முழுவதும் வேண்டுமென்றால் 'ஆல்' என்று தனியாகக் கேட்கவேண்டும். லினக்ஸில் 'பிஎஸ்' கட்டளை வேறு மாதிரி. ஹெல்ப் என்றால், எந்த ஹெல்ப், சிம்பிளா, லிஸ்ட்டா, அவுட்புட்டா என்று நம்மையே திருப்பிக் கேட்கும். ஹெல்ப்புக்கு ஹெல்ப். மச்சான் அதற்குள் இரண்டு தரம் கோல் எடுத்துவிட்டார்.

எனக்குப் பிடித்தது 'ட்ரூ' என்ற கட்டளை. அதன் வேலை ஒன்றும் செய்யாமலிருப்பது, அதுவும் வெற்றிகரமாக. அதற்கும் குனூக்காரர்கள் ஹெல்ப் எழுதியிருக்கிறார்கள். ஆனால் பாஷ் ஷெல்லில் வெறுமனே 'ட்ரூ' போட்டு ஹெல்ப் கேட்டால், பாஷ் தன் சொந்த ட்ரூவைக் கூப்பிடும். அது ஹெல்ப்பும் காட்டாது, பிழையென்றும் சொல்லாது. ஒன்றும் செய்யாமல் வெற்றிகரமாகத் திரும்பிவிடும். ஹெல்ப் வேண்டுமென்றால் முழுப் பாதையோடு அடிக்கவேண்டும். ஷெல்லுக்குச் சொந்த ட்ரூ இருக்கலாம் என்ற எச்சரிக்கை அந்த ஹெல்ப்பில்தான் இருக்கிறது.