நல்ல கொழுந்துக்கும் கழிவா?

கேள்வி: எல்லாரும் சேர்ந்து எழுதும் விக்கிபீடியா போன்ற தளங்களில், விளம்பரக் குப்பையைத் தடுக்க வைத்த வடிகட்டி ஒழுங்காக எழுதுகிறவரையும் பிடித்துக்கொள்கிறதே. அப்பாவிகள் தப்ப வழியே இல்லையா?
– வாசகர், மடுல்கெல்ல

பதில்: கொழுந்து நிறுக்கும்போது 'ஈரம், முற்றல்' என்று எல்லாக் கூடையிலும் கிலோ கழிக்கும் கணக்கப்பிள்ளையைத் தோட்டத்தில் பார்த்திருப்பீர்கள். வடிகட்டியும் அந்தச் சாதிதான். புதியவர், கூடவே ஒரு வெளி இணைப்பு என்றால் போதும், முகம் சுளிக்கும்.

வழி உண்டு, விலையும் உண்டு. ஆங்கில விக்கிபீடியாவில் 2010 முதல் நாசவேலைக்கு எதிராகக் காவல் நிற்கும் 'குளூபொட் என்ஜி' என்ற தானியங்கி, முன்பு நல்ல திருத்தங்களில் 0.25% வரை தவறாகப் பிடிக்க அனுமதி பெற்றிருந்தது. நாசவேலையில் சுமார் 55% சிக்கியது. தவறின் உச்சவரம்பை 0.1% ஆக்கினார்கள். சிக்குவது 40% அளவுக்கு இறங்கியது. மீதி மனிதர் தலையில்! நல்ல பேரம்தான். தப்பிய குப்பையை ஒரு சொடுக்கில் நீக்கலாம், கோபித்துப் போனவரை எந்தச் சொடுக்கு கூட்டிவரும்? இன்னொரு நாகரிகமும் அதற்கு உண்டு: பொதுவாக ஒரே பக்கத்தில் ஒரே ஆளோடு ஒரே நாளில் இரண்டாம் முறை மல்லுக்கு நிற்காது.

புதிய வடிகட்டி விதியை எடுத்தவுடன் தடுக்க விடாமல், யாரைப் பிடித்திருக்கும் என்று சில நாள் குறிப்பெழுத மட்டும் விடுவதும் வழக்கம். பிறகு எச்சரிக்கை, கடைசியில்தான் தடை.

கைபேசி இணையத்தில் ஒரே ஐபி முகவரியைப் பலர் பகிர்வதால், யாரோ செய்த சேட்டைக்கு உங்களுக்கும் பூட்டு விழலாம். பயனர் கணக்கொன்று தொடங்கிவிடுங்கள். மச்சானின் கடை விளம்பரத்தை மட்டும் முதல் நாளே போட்டுவிடாதீர்கள்.