பொய்யிரை குறித்த ஒரு பூர்வாங்க விசாரணை

மெய்யான மண்புழுவைத் தூண்டில் முள்ளில் கோத்து எறிபவன் குற்றவாளியாகவும், ரப்பரில் வார்த்த புழுவைக் கோத்து எறிபவன் நற்குடிமகனாகவும் கருதப்படும் ஒரு தேசத்தில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் வாழ்ந்துவந்தும், அந்நிலைமையின் தத்துவார்த்தத்தை நம் பண்டிதர்கள் ஆராயாது விட்டமை பெரிதும் வருந்தத்தக்கது. சிங்கப்பூரின் பொதுப் பயனீட்டுக் கழகம், தன் நீர்த்தேக்கங்களில் மீன்பிடிக்கென ஒதுக்கிய இடங்களில் செயற்கை இரையை மட்டுமே அனுமதிக்கிறது. குடிக்கும் நீர் கெட்டுவிடலாகாது என்பது அதற்குரிய லௌகிகமான காரணம். ஆயினும் லௌகிகத்தைக் கடந்து நோக்கப் பழகிய வேதாந்திக்கு, பிடோக் நீர்த்தேக்கமும் லோவர் சிலேத்தார் நீர்த்தேக்கமும் சத்தியம் விலக்கப்பட்டு மாயை மாத்திரமே சட்டபூர்வமாக நிலைபெற்ற இரு க்ஷேத்திரங்களாகவே காட்சியளிக்கும்.

அம்மாயையைத் தூண்டிற்காரர்கள் ‘லூர்’ என்பார்கள். நாம் பொய்யிரை என்போம். கடைகளில் நிறம் நிறமாகத் தொங்கும் பொய்யிரைகள் வணிக சாஸ்திரத்துக்கு உரியவையாதலின் அவற்றை விடுத்து, வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீட்டின் சமையலறை மேசையில், இல்லத்தரசி தொலைக்காட்சித் தொடரில் லயித்திருக்கும் முன்னிரவுப் பொழுதில், ஓசைபடாமல் செதுக்கப்படும் பொய்யிரையை மாத்திரம் இங்கு ஆய்வுப்பொருளாகக் கொள்வோம்.

எத்துறை ஆராய்ச்சியாயினும் அத்துறையில் தமிழரே முதல்வர் என்று நிறுவிய பின்னரே மேற்செல்ல வேண்டுமென்பது மரபாகிவிட்டமையால், அக்கடனை முதற்கண் தீர்த்துவிடலாம். திருவள்ளுவர் சூது அதிகாரத்தின் முதற்குறளில், சூதாட்டத்தில் பெற்ற வெற்றியைத் தூண்டிலின் உலோகத்தை மீன் விழுங்கியதற்கு ஒப்பிடுகிறார். இவ்விடத்துக்கு உரை வகுக்கப் புகுந்த பரிமேலழகர், அவ்வுலோகம் இரையால் மறைக்கப்பட்டிருந்தது என்று, குறளில் இல்லாத ஓர் இரையைத் தம் கையிலிருந்து சேர்த்துக் கோத்துவிடுகிறார். வைணவ ஆசாரசீலரான அவ்வுரையாசிரியர் தூண்டில் பிடித்தறியாதவர் என்று கொள்வது பிழையாகாது. இரையே இன்றி வெறும் உலோகத்தை மீன் விழுங்கிற்று என்றால், அது மினுங்கிச் சுழலும் கரண்டித் தூண்டிலேயாதல் வேண்டும் என்பதைப் பிடோக் படகுத்துறையில் நிற்கும் எந்தச் சிறுவனும் அறிவான். ஜூலியோ புயெல் என்னும் அமெரிக்கர், படகிலிருந்து நழுவிய கரண்டியை மீனொன்று பாய்ந்து கவ்வக் கண்டு வியந்து அத்தூண்டிலை இயற்றினார் என்பது கர்ணபரம்பரை. 1852இல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார் என்பது சரித்திரம். வள்ளுவர் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கவில்லை.

கடன் தீர்ந்தது. இனி இச்சாஸ்திரத்தின் உண்மையான ஆசாரியரிடம் வருவோம். அவர் பின்லாந்து தேசத்து மீனவர் லௌரி ராப்பலா. 1936இல் அவர் தக்கைத் துண்டொன்றைச் செருப்புத் தைப்போரின் கத்தியால் செதுக்கி, சாக்லேட் சுற்றிவந்த வெள்ளித்தாளை அதன்மீது போர்த்தி, புகைப்பட நெகட்டிவ்களை உருக்கி மேற்பூச்சாகப் பூசித் தம் பொய்மீனைப் படைத்தார். வறுமையில் பிறந்த இவ்வுபாயங்களைக் காட்டிலும் அவர் கண்ட உண்மையே பெரிது. வேட்டைமீன், ஒழுங்காக அணிவகுத்து நீந்தும் மீன்கூட்டத்தை விட்டுவிட்டு, அதிலே சற்றுத் தள்ளாடி, சற்றுச் சாய்ந்து, சற்றுப் பின்தங்கி நீந்தும் ஒன்றையே தெரிந்தெடுத்துப் பாய்கிறது. ஆகவே பொய்யிரை செய்வோன் செய்ய வேண்டியது மீனையன்று, பிணியுற்ற மீனை. ஊனத்தைப் பழுதறச் செய்து முடிப்பதே அவன் தொழில். (1962 ஆகஸ்டில் லைஃப் பத்திரிகை ராப்பலாவின் பொய்மீனைப் பற்றி எழுதியபோது, அவ்விதழின் அட்டையில் அம்மாதம் காலமான மர்லின் மன்றோ இருந்தார். நடிகைக்காகக் கண்ணீர் சிந்தி இதழை வாங்கிய அமெரிக்கர்கள் பலர் தூண்டிலுக்கு எழுதிப்போட்டார்கள் என்பதை இரங்கற் சாஸ்திரிகள் தனியே ஆராய்வார்களாக.)

வரிசை கோணாதிருப்பது தர்மமாகவும், சாலையோர மரமும் கணக்கிலேறி நிற்பது இயல்பாகவும் ஆகிவிட்ட இந்நகரத்திலே, ஒரு குடிமகன் நள்ளிரவில் விழித்திருந்து, தன் கையால் ஒரு கோணலைச் செய்து, அது தக்க அளவு கோணலாயிற்றோ, அன்றி அளவுக்கு மிஞ்சி நேராகிவிட்டதோ என்று கவலையுறுகிறான். அக்கவலையின் சிறப்பு இப்பொழுது விளங்கியிருக்கும்.

மூலப்பொருள்களுக்கு லிட்டில் இந்தியாவை மிஞ்சிய ஆகரம் இல்லை. கரண்டிகளுக்கு உரிய ஸ்தலமாயிருந்த சுங்கை ரோட்டுத் திருட்டுச் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டபடியால், கரண்டி வித்தையினர் தத்தம் அடுக்களைகளின்பால் பார்வையைத் திருப்ப நேர்ந்தது. அதன் பின்விளைவுகள் குடும்பநலம் சார்ந்தவை, இங்கு விரிக்கப்படா. பொய்மீனின் முகத்தில் பொருந்தும் தகட்டுக்கு, முன்னொரு காலத்தில் சிராங்கூன் சாலையெங்கும் விற்ற தமிழ்ப்பட வி.சி.டி. தட்டுகளை வெட்டிக்கொள்ளலாம், அவை பாலிகார்பனேட்டால் ஆனவை, எளிதில் உடையா. நிறத்துக்கு நகப்பூச்சு. சையது ஆல்வி சாலை முஸ்தபா சென்டரில், மீசை நரைத்த ஆடவர் ஒருவர் நகப்பூச்சுக் குப்பிகளின் எதிரே நின்று, எவரும் காணவில்லை என்று நம்பிப் புறங்கையில் ஒவ்வொன்றாகத் தீட்டிப் பார்த்திருப்பாராயின், அவரைச் சந்தேகியாமல் கடந்து செல்க. அவர் சிவப்பையே வாங்குவார். நீரின் ஆழத்தில் முதலில் மங்கி மறையும் நிறம் சிவப்பு என்பதை அவருக்கு ஒருவரும் சொல்வதில்லை. சொன்னாலும் அவர் சிவப்பையே வாங்குவார்.

வாலுக்கு ஜரிகை வேண்டும். இதன்பொருட்டுத் தேக்கா சென்டரின் மாடியில் தையற்காரப் பெண்மணி ஒருவரிடம் நாம் மேற்கொண்ட கள ஆய்வு பின்வருமாறு அமைந்தது.

“அக்கா, வெட்டிப்போட்ட ஜரிகை ஏதாச்சும் கிடைக்குமா?”

“எதுக்குத் தம்பி?”

“மீனுக்கு அக்கா.”

“மீனாட்சிக்கா? சாமிக்குப் போய்த் துண்டு ஜரிகையா கேக்குறது? இருங்க, புதுசாவே தர்றேன்.”

அவ்வம்மையார் பச்சை ஜரிகையில் ஒரு முழம் அளந்து, காசு வாங்க மறுத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார். உண்மையை உரைப்பதா, ஆராய்ச்சியைக் காப்பதா என்ற தர்மசங்கடம் எழுந்தது. பொய்யிரையின் சட்டபூர்வமான நிலையைக் கருதி மௌனம் சாதித்தோம்.

இயக்கவியலைச் சுருங்கச் சொல்வோம். முன்தகட்டில் நீர் மோதுகிறது. மோதிய நீர் ஒரு பக்கமாக வழிய, பொய்மீன் மறுபக்கம் சாய்கிறது. சாய்ந்ததை வயிற்றிலுள்ள ஈயக்குண்டு நிமிர்த்த, நிமிர்ந்தது நிலைகொள்ளாது எதிர்ப்பக்கம் சாய்கிறது. இவ்வாறு மாறி மாறிச் சாய்வதே தள்ளாட்டம். அந்த அதிர்வை மீன் தன் விலாவில் ஓடும் பக்கக்கோட்டினால் உணர்கிறது. தகடு உடலோடு ஒட்டி நீண்டிருந்தால் பொய்மீன் ஆழத்தில் மூழ்கும். செங்குத்தாக இறங்கியிருந்தால் மேலாகவே ஓடும். இடப்பக்கம் இழுத்துக்கொண்டு ஓடினால், தூண்டில் நரம்பைக் கட்டும் வளையத்தைச் சிறிதே வலப்பக்கம் வளைக்க வேண்டும். இவ்வளவே. எழுதுவதற்கு ஒரு பத்தி. செய்வதற்கு ஒரு மனித ஜன்மம்.

மீன் ஏன் கடிக்கிறது என்ற வினாவில் இரு கட்சிகள் உண்டு. பசியால் கடிக்கிறது என்பார் பசிவாதிகள். கோபத்தால் கடிக்கிறது என்பார் சினவாதிகள். அமேசானிலிருந்து வந்து நம் நீர்த்தேக்கங்களில் குடியேறிவிட்ட பீகாக் பாஸ், தன் முட்டைகளைக் காத்துநிற்குங்கால் வயிறு நிறைந்திருப்பினும் அருகே வருவதை அடித்துத் துரத்தும். விரால் இனத்துப் பெருமீனாகிய தோமான், செக்கச்செவேலெனத் திரண்டு நீந்தும் தன் குஞ்சுகளுக்காகத் தவளைப் பொம்மையின்மீதும் பாயும். இவற்றை மேற்கோளாகக் காட்டிச் சினவாதிகள் வென்றுவிட்டதாக எண்ணுகிறார்கள். நம் முடிவு வேறு. குஞ்சுகளைக் காக்கும் தாய்தந்தையரின் கோபத்தைக் கிளறிப் பிடித்த மீன், வாதத்தில் சான்றாகுமேயன்றிப் பெருமைக்குரிய வேட்டையாகாது. கண்ணியமுள்ள தூண்டிற்காரர்கள் அக்காலத்தில் அவ்விடத்தை விட்டு விலகிப்போகிறார்கள். பசிவாதிகளின் பக்கம் நிற்பதே மரியாதை.

இனி எஞ்சியிருப்பது சோதனைச்சாலைப் பிரச்சினை. குளியலறை வாளியில் இழுத்துப் பார்க்கப்படும் பொய்மீன், வாளி வட்டமாக இருத்தலின் வட்டமாகவே பயின்று, நீர்த்தேக்கத்திலும் எறிந்தவனையே சுற்றிவர முயல்கிறது. நேரோட்டத்தில் தள்ளாட்டத்தை அளப்பதற்கு நீண்ட தொட்டி அவசியம்; வீவக வீட்டில் அத்தகைய நீளமுடைய பாத்திரம், கட்டிலின் கீழுள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்றே. அதில் தற்சமயம் பட்டுப்புடவைகள் வாசம் செய்கின்றன. ஞாயிறு காலைகளில் மாத்திரம் அப்பெட்டியை நீர் நிரப்பிப் பயன்படுத்த அனுமதி கோரி, மேற்கண்ட காரணங்களை விரித்து நாம் சமர்ப்பித்த விண்ணப்பம், “புடவையை உங்க தலையிலயா வைக்கிறது?” என்ற ஒற்றை வாக்கியத்தால் முதல்நிலையிலேயே தள்ளுபடியாயிற்று. மாமியாரிடம் மேன்முறையீடு செய்திருக்கிறோம். ஆராய்ச்சியின் இரண்டாம் பாகம் அத்தீர்ப்புக்குப் பின் வெளிவரும்.