நாற்காலிக்கும் உண்டா பாடு?

கேள்வி: பிரிட்டனில் தோற்ற கட்சிகூட ‘இடைக்கால’ நிழல் அமைச்சரவை அமைக்கிறதாமே! ஏரியில் நாங்கள் ‘பாடு’ முறையில் மாறி மாறி வலை போடுவதுபோலத்தானா அதுவும்?
– மீனவ வாசகர், பழவேற்காடு

பதில்: உங்கள் பாடு தேவலை. சீட்டுப் போட்டு முறை வந்தவர் வலை விரிப்பார்; முறை முடிந்தால் அடுத்தவருக்கு வழிவிடுவார். அங்கே 2024 ஜூலைத் தேர்தலில் 121 இடங்களோடு கரை ஒதுங்கியது கன்சர்வேட்டிவ் கட்சி. விலகுவதாக அறிவித்த ரிஷி சுனக், நவம்பர் 2 வரை எதிர்க்கட்சித் தலைவராக நீடித்தார். அவர் அமைத்த இடைக்கால நிழல் அமைச்சரவையிலிருந்தே கெமி பேடனாக், ஜேம்ஸ் கிளெவர்லி, மெல் ஸ்டிரைட், டாம் டூகன்ஹாட் ஆகிய நால்வர் அவர் நாற்காலிக்குப் போட்டியிட்டார்கள். சபையில் தோளோடு தோள் உரச உட்காருவது, வெளியே வந்ததும் ஒருவரை ஒருவர் முந்தி ஓட்டுக் கேட்பது! கடைசியில் ஜெயித்தவர் பேடனாக். தொழிற்கட்சியின் ஹாரியட் ஹார்மன் 2010, 2015 என இருமுறை இடைக்காலத் தலைவராக இருந்தும், இருமுறையும் நிரந்தரத் தலைமைக்குப் போட்டியிடவில்லை. (நம்மூரில் சொன்னால் நம்புவார்களா?)

இங்கே 2022 ஜூலை 11-ல் அ.தி.மு.க.வின் இடைக்காலப் பொதுச்செயலாளர் ஆனார் எடப்பாடி பழனிசாமி. தலைமைச் சண்டையில் அன்றே ராயப்பேட்டை கட்சி அலுவலக வாசலில் கல்வீச்சு, கட்டடத்துக்குச் சீல், பிறகு உச்ச நீதிமன்றம் வரை வழக்கு. ‘இடைக்கால’ என்ற ஒட்டு உதிர 2023 மார்ச் 28 ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் சட்டசபையில் அவருக்குப் பக்கத்து இருக்கையில், 2024 பிப்ரவரி வரை உட்கார்ந்திருந்தவர் யார் தெரியுமா? அவர் கட்சியைவிட்டே நீக்கிய ஓ.பன்னீர்செல்வம்!